தளரப் பின்னிய சடை

2023 அக்டோபர் 9, திங்கள்

தக்காளியை ஒன்று இரண்டு என்று எண்ணி வாங்கிய ஆடி மாதத்தில் இவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நிலாவில் நம்முடைய வண்டி போய் இறங்கியதைத் தெருவே கைதட்டிப் பார்த்த அன்றைக்கு, வலது கையைத் தூளி மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். இது எந்த வருஷம் என்று பிறகு யாராவது கேட்டால் இந்த இரண்டையும் வைத்துச் சொல்லிவிடுவேன். இப்போது புரட்டாசி முடியப் போகிறது. தோள் எலும்பு கூடி வருகிறது. முடிதான் கொட்டுகிறது.

எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாக விழும் என்று மகள் வாசுகி ஓசூரிலிருந்து வந்தபோது காட்டிக் கொடுத்தாள். மதுரையில் பார்த்த தோல் டாக்டரம்மா சொன்னதற்காக இந்த ஏற்பாடு. தினம் தலைக்கு என்ன செய்தீர்கள், எத்தனை முடி கொட்டியது, எல்லாம் குறித்து வரவேண்டுமாம். நான் பேசுவதை நானே திரும்பப் படிக்க முடியாது. டாக்டரம்மா படித்துக்கொள்வார்கள். இவள் மதியம் கண் அசருகிற நேரத்தில் கொல்லை முருங்கை அடியில் உட்கார்ந்து பேசுகிறேன். பேசி முடித்தால் போனை அலமாரியில் வைத்துவிடுவேன். அதைச் சார்ஜில் போடுவதெல்லாம் எழுத்து தெரிந்த இவள்தான், இடது கையால்.

ஆபரேஷனும் பத்து நாள் காய்ச்சலும் சேர்ந்ததில் முடி அதிர்ச்சி ஆகியிருக்கிறதாம். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அது கொட்ட ஆரம்பிக்குமாம். தானாக நிற்கும், அதுவரை இருப்பதை இழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவளுக்கு எழுபத்து மூன்று வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. ஊரில் பொம்பளைகள் இவளை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான்.

கை காதுக்கு மேலே எழும்பவில்லை. இதுவரை பக்கத்து வீட்டு மும்தாஜ் வந்து சீவிவிட்டாள். மகளின் பிரசவத்துக்காக அவள் காரைக்குடி போகிறாள், வர மூன்று மாதம் ஆகும். யார் சீவுவது என்று கேட்டதற்கு, "நீங்க சீவிவிடுங்க மாமா. பிரசவமா பார்க்கச் சொல்றோம், சீப்புதானே" என்றாள். இவள் பட்டென்று வேண்டாம் என்றுவிட்டாள்.

வாசுகி தோளோடு வெட்டிவிடலாம் என்கிறாள். சீவாமல் விட்டால் சிக்கு விழுந்து அடியோடு எடுக்கும்படி ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். இவள் வெட்டக் கூடாது என்று ஒரே பிடி. கடைசியில் தை வரை பார்ப்பது, அப்போதும் கொட்டினால் வெட்டுவது என்று முடிவு.

2023 அக்டோபர் 11, புதன்

சீவவில்லை.

2023 அக்டோபர் 14, சனி

ஐந்து நாள் ஆயிற்று. பின்கழுத்தில் முடி கஞ்சி போட்ட துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது. இவள் இடது கையால் சீப்பை வைத்து இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. எனக்குத் தெரியாமல் அழுதிருக்கிறாள். மூக்கு சிவந்திருந்தது.

இவள் எப்போதுமே கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை சீவுவாள். அது இவள் பழக்கம். இன்றைக்குக் கதவு சாத்தவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினாள்.

அகலப் பல் வைத்த மரச்சீப்பு. நான் உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். இவள் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

"நுனியிலேர்ந்து. மேலே மேலே ஏறணும்."

இடது கையால் பின்கழுத்தில் முடியின் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சீவி முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. ஏன் பிடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

சிக்கை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கொட்டியது நூற்று எண்பத்து ஆறு. ஐந்து நாளைக்குச் சேர்த்து. வெள்ளைத் துண்டை விரித்து எண்ணினேன். நரைமுடி துண்டில் தெரியவில்லை. நாளை முதல் என் பழைய நீலச் சட்டை.

2023 அக்டோபர் 20, வெள்ளி

இன்று தலைக்கு ஊற்றினோம். டாக்டரம்மா சொன்னது, இவள் சொன்னது, போகும்முன் மும்தாஜ் சொன்னது எல்லாம் மனசில் இருக்கிறது. எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

எண்ணெய் கைபொறுக்கும் சூட்டில் இருக்கவேண்டும். நகம் படாமல் விரல் நுனியால் மெதுவாகத் தடவவேண்டும். பரபரவென்று தேய்த்தால் கொட்டுவதை நாமே பிடுங்கினதாகும். சீயக்காயை வடிகஞ்சியில் குழப்பினேன். வெந்நீர் கூடாது, வெதுவெதுப்புதான். துண்டால் அடித்துத் துவட்டக் கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். ஈரத்தோடு சீவக் கூடாது. ஈரத்தோடு முடியவும் கூடாது.

இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான் ரயில்வேயில் கீமேனாக இருந்தவன். மானாமதுரையிலிருந்து பரமக்குடி போகிற பாதையில் என் பாகத்தைத் தினம் நடந்து பார்ப்பேன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் சாவி எங்கே தளர்ந்திருக்கிறதோ, அங்கே சுத்தியலால் அடித்து இறுக்குவேன். நேற்றுப் பார்த்தோமே என்று இன்றைக்கு விட்டால் போச்சு. முடியும் அப்படித்தான் இருக்கிறது.

முட்டை தின்ன மாட்டேன் என்கிறாள். முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. தின்றாள். கொட்டியது தொண்ணூற்று நான்கு.

2023 அக்டோபர் 27, வெள்ளி

பின்னப் பழகிவிட்டேன். மூன்று புரி. ஒரு மயிர் வெளியே நீட்டாமல், எங்கே பிடித்து ஆட்டினாலும் அசையாத மாதிரி. இவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தண்டவாளத்தை எடுத்துத் தலையில் வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

டீக்கடைக் காசிக்கு விஷயம் போய்விட்டது. "அண்ணே, எனக்கும் ஒரு பின்னல் போட்டு விடுங்க" என்று வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டினான். கடையே சிரித்தது. கைவசம் சாமான் இல்லாதவனுக்கு வேலை செய்வதில்லை என்றேன்.

தலையணை உறை உரசினாலும் முடி அறுமாம், வழவழப்பான துணி போடவேண்டுமாம். இவள் பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். பட்டு மடிப்பு மடிப்பாக இற்றிருந்தது. நல்ல பாகத்தில் ஒரு முழம் வெட்டி நானே கையால் தைத்தேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ஆறாவது வருஷம் பரமக்குடியில் எடுத்த புடவை. அரக்கு. கடைக்காரர் பெயர், அன்றைக்குத் தின்ற மிக்சர் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

2023 நவம்பர் 6, திங்கள்

மதுரைக்குப் போய் வந்தோம்.

டாக்டரம்மா முதலில் பின்னலைத்தான் பிடித்தார்கள். இதை யார் போட்டது என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் என்றேன். நெற்றி ஓரத்தைக் காட்டினார்கள். இரண்டு பொட்டிலும் முடி மெலிந்து தோல் மினுங்கியது. இறுக்கிப் பின்னியதால் வேர் இழுபட்டு அங்கே கொட்டியிருக்கிறது. மூன்று வாரமாக நான் செய்த கைங்கரியம்.

"ஐயா, தலையில் எதையும் இறுக்கக் கூடாது. தளர விடுங்க. அவிழ்ந்தால் அவிழட்டும்."

இருபத்தாறு வருஷம் தளர்ந்ததை இறுக்கித்தான் சம்பளம் வாங்கினேன். கை அதைத்தான் செய்யும் போலிருக்கிறது. டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு வலது காதுக்குப் பின்னால் முடியை விலக்கினார்கள். எட்டணா அளவுக்கு ஓர் இடம், முடியே இல்லாமல். இது புதுசா என்றார்கள். பழசு என்றேன் நான். எப்படி ஆனது என்றார்கள். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

இவள் சொன்னாள், "சின்ன வயசுல ஜன்னல் கம்பியில மாட்டிக்கிட்டது டாக்டர். மக பிறந்தப்போகூட இப்படித்தான் முடி கொட்டுச்சு, எல்லாம் வளர்ந்துருச்சு. அந்த இடம் மட்டும் வளரலை."

வேர் செத்துவிட்டது, அது இனி வளராது என்றார்கள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இவள் உட்கார்ந்தாள். காற்றில் முடி பறக்காமல் இருக்க முந்தானையைத் தலையில் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டாள்.

2023 நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் வைத்துவிட்டேன். தளரப் பின்னினேன். மூன்று தடவை அவிழ்ந்தது. எழுபத்தாறு.

இப்போதும் வேரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள்.

2023 நவம்பர் 22, புதன்

என்னோடு ரயில்வேயில் இருந்த கேட்மேன் சிக்கந்தர் நேற்று இறந்துபோனார். எண்பத்தெட்டு வயது. இன்று அடக்கத்துக்குப் போய் வந்தேன். வந்ததும் குளித்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்வது டாக்டரம்மாவுக்குத் தேவைப்படாது. தேவைப்படாவிட்டால் தள்ளிவிட்டுப் படிக்கட்டும். போனை வேறு யார் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அது ஐம்பது வருஷத்துக்கு முந்தி, வாசுகி பால்குடி மறக்காத பிள்ளை. லெவல் கிராசிங் பக்கத்தில் பாதை வேலை ஆட்களுக்கான கேங் குவார்ட்டர்ஸ், நாலே வீடு. அன்று ஒரு வெள்ளிக்கிழமை. என் பாகத்தில் இரண்டு சாவி தளர்ந்திருந்ததை எங்கள் கேங்குக்குத் தலைவரான மேட் சவரியப்பன் கண்டுபிடித்து, கேங் ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்துக் காட்டினார். கண் அவிந்தவனுக்கு எதற்குச் சுத்தியல் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நான் பார்க்காமல்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

மத்தியானம் சோறு வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து பாதையோரக் கம்பத்தடிக்குத் தூக்குச்சட்டி வந்துவிடும், அன்றைக்கு வரவில்லை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு நடந்தேன். இவள் தலைக்குக் குளித்துவிட்டுக் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து வெயிலில் முடியை விரித்துப் போட்டிருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், இப்போதுதான் கண் மூடியது என்று ஏதோ சொல்ல வந்தாள். பிள்ளையை வாங்கி என் ஆத்தாளிடம் கொடுத்தேன். அது மட்டும் செய்யத் தெரிந்திருக்கிறது எனக்கு. பிறகு முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் இழுத்து வந்தேன். பதினான்கு அடி. பிற்பாடு அளந்திருக்கிறேன்.

இவள் கத்தவில்லை. கை முடியின் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சிக்கந்தர் கேட்டை விட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். விடு என்று மட்டும்தான் சொன்னார். விட்டேன். இவள் எழுந்து உள்ளே போனாள். என் கையில் ஒரு கற்றை தங்கிவிட்டது.

அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே போட மனசில்லை. மறுநாள் பாதை பார்க்கப் போகும்போது கொண்டுபோய், கேட்டிலிருந்து பதினொன்றாவது தந்திக் கம்பத்தடியில் ஜல்லியை விலக்கிப் புதைத்தேன். அதற்குப் பிறகு வேலையில் இருந்த நாள் வரைக்கும் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போனேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

அன்றைக்குப் பார்த்தவர்கள் நாலு பேர். மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்த மேட் சவரியப்பன், அவர் சம்சாரம் ஆரோக்கியம், என் ஆத்தா, சிக்கந்தர். முதலில் ஆத்தா போனாள். பிறகு மேட். ஆரோக்கியம் போனது சுனாமி வந்த வருஷம். ஒவ்வொரு துட்டி வீட்டிலும் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, மனசுக்குள் ஒரு ஆள் குறைந்தது என்று தோன்றும். அழுகையோடு அழுகையாக அதுவும் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சிக்கந்தர் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, இனிப் பார்த்தவர் யாரும் இல்லை என்று நினைத்தேன். லேசாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. மணிக்கட்டு வலித்தது.

நான் எதையும் மறக்காதவன் என்று பேர் எடுத்தவன். இவளிடம் இதைப் பற்றி ஐம்பது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று எண்ணவில்லை.

2023 நவம்பர் 23, வியாழன்

காலையில் முக்காலி போடவில்லை. தலைவலி என்றாள்.

2023 நவம்பர் 24, வெள்ளி

இன்றும் முக்காலி இல்லை. முருங்கை அடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவள் பின்வாசல் நிலைக்குள் நின்று கேட்டாள்.

"அந்தக் கம்பம் இன்னும் இருக்கா?"

துணி கையிலேயே இருந்தது. அகலப் பாதை போட்டபோது கம்பம், ஜல்லி, கட்டை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், இடம் மட்டும் எனக்குத் தெரியும் என்றேன்.

"டாக்டர்ட்ட உங்களுக்காக ஒண்ணும் மறைக்கலை. எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான்."

சரி என்றேன்.

"மறந்துட்டேன்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்க."

நினைக்கவில்லை என்றேன். இன்னும் என்னவோ சொல்ல வாய் வந்தது. ஐம்பது வருஷமாக வைத்திருந்த வார்த்தை. "என் மேலதான் தப்பு" என்று சொன்னேன். சின்ன வார்த்தையாக இருந்தது. இவள் தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி. உள்ளே போய்விட்டாள்.

2023 நவம்பர் 25, சனி

முக்காலி போட்டாள். நூற்றுப் பதினொன்று, மூன்று நாளைக்கும் சேர்த்து.

2023 டிசம்பர் 18, திங்கள்

தெற்கே எல்லாம் ஒரே வெள்ளம் என்கிறார்கள். ரயில் நிறுத்திவிட்டார்கள். இந்த மழையில் எவன் பாதை பார்த்து நடக்கிறானோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வெயில் இல்லாததால் முடி காயவில்லை. சூட்டுக் காற்று ஊதிக் காயவைக்கிற மிஷின் இருக்கிறது, வாசுகி விட்டுப் போனது. அந்தச் சூடு முடிக்கு ஆகாது என்பதால் தொடவில்லை. ஒரு பழைய பருத்திச் சட்டையால் நுனிநுனியாக ஒற்றி, விசிறி மட்டையால் விசிறினேன். கை வலிக்குது, விடுங்க என்றாள். விடவில்லை. விசிறுகிற காற்றில் அப்படியே தூங்கிப்போனாள், உட்கார்ந்தபடியே.

தூங்கும்போது பின்கழுத்திலிருந்த கை தானாக நழுவி மடியில் விழுந்தது. நான் அசையாமல் இருந்தேன்.

நாற்பத்து மூன்று.

2024 ஜனவரி 8, திங்கள்

மதுரை. டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்கள். நெற்றி ஓரத்தில், உச்சி வகிட்டில், ஒரு விரற்கடை அளவுக்கு முடி செங்குத்தாக நிற்கிறது. புதுசு. பிறந்த குழந்தை முடி மாதிரி. இவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அதை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். படிய மாட்டேன் என்கிறதாம். புகார் மாதிரிச் சொன்னாள்.

காதுக்குப் பின்னால் உள்ள இடம் அப்படியே இருக்கிறது.

2024 ஜனவரி 17, புதன்

வாசுகி பொங்கலுக்கு வந்துவிட்டு இன்று காலை கிளம்பினாள். கத்தரிக்கோல் பேச்சே எடுக்கவில்லை. ஆத்தாள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யா, எனக்கும் கொட்டுது. ஓசூருக்கு வந்து ஒரு மாசம் இருங்களேன்" என்றாள். உன் ஆத்தாளைக் கேள் என்றேன். இவள் முந்திக்கொண்டு, அவருக்கு இங்கே வேலை இருக்கிறது என்றாள்.

கை இப்போது காதைத் தாண்டி உச்சி வரைக்கும் போகிறது. டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினம் செய்கிறாள். இனி இவளே சீவிக்கொள்ளலாம். காலையில் அதை நானே சொன்னேன். சீப்பை முக்காலி மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். மும்தாஜும் அடுத்த வாரம் வந்துவிடுவாள்.

இவள் சீப்பை எடுத்துப் பார்த்தாள். பல்லிடுக்கில் சிக்கியிருந்த இரண்டு முடியை எடுத்துச் சுருட்டினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, முன்னைப் போலவே தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினாள்.

நுனியில் ஆரம்பித்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. வலது கை மேல் இடது கை. பாதி முதுகு வரைக்கும் ஏறினேன், கை அங்கேயே இருந்தது. பின்கழுத்துக்கு வந்தபோது நான்தான் நின்றேன்.

"என்ன நின்னுட்டீங்க. சீவுங்க."

என் இடது கையால் வேரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சீவினேன். காதுக்குப் பின்னால் அந்த இடத்தை விரல் தொட்டது. இவள் விலகவில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் பிடித்து விட்டாள்.

பின்னி முடிக்கிறபோது, போனில் இருப்பது எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தாயிற்று என்றாள். நல்லா இருக்கா என்று கேட்டுவைத்தேன்.

"முட்டை திங்கமாட்டேன்னது வரைக்கும் சொல்லியிருக்கீங்க. என் பேரைத்தான் ஒரு எடத்துலயும் சொல்லலை. எல்லா எடத்துலயும் இவள், இவள். படிக்கிற டாக்டர் யாருன்னு நினைப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் கட்டினவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை என்றேன். இந்தா, ஏத்தா, வாசுகி ஆத்தா, இவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

"வழக்கம்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போனாள். தளரப் பின்னிய சடை முதுகில் இப்படியும் அப்படியும் ஆடியது.

கொட்டியது இருபத்தெட்டு. இனி எண்ணவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம். சிக்கந்தர் அடக்கத்தன்று பேசியதில், பார்த்தவர்கள் நாலு பேர், இனி யாரும் இல்லை என்று சொல்லியிருந்தேன். அது தப்பு. ஆள் எண்ணிக்கையில் நான் தப்பு விட்டது அது ஒன்றுதான். அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள், என்னைத் தவிர. மேட் போனார், ஆரோக்கியம் போனார், ஆத்தா போனாள், சிக்கந்தர் போனார். அந்த ஒருத்தி இருக்கிறாள். அடுப்படியில் பாசிப்பயறு தாளிக்கிற வாசம் வருகிறது.

அவள் பெயர் அழகுநாச்சி.